"கொஞ்சம்" என்றால் எவ்வளவு?

இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தவர்கள் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ரோமாபுரியின் இடிந்த மண்டபங்கள் வரும். வெனிஸ் நகரத்து ஓடங்கள் வரும். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் தவறாமல் வரும். அவற்றை எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைப் புரட்டிய வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்லப் போவது இரண்டு கிலோ ஒலிவக் காயைப் பற்றியும், வயதான ஓர் அம்மாளைப் பற்றியும், "கொஞ்சம்" என்ற சொல்லைப் பற்றியுந்தான்.

வட இத்தாலியில் பொலோஞா என்று ஒரு நகரம் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பழமையானது என்று சொல்லப்படும் சர்வகலாசாலை அங்கேதான் இருக்கிறது. 1088-ஆம் வருஷத்தை அதன் பிறந்த வருஷமாகக் கொண்டாடுகிறார்கள். ஊர் முழுவதும் செங்கல் நிறம். மாலை வெயில் விழும் வேளையில் குங்குமத்தைக் கரைத்துக் கொட்டினாற்போல் இருக்கும். வீதி ஓரங்களில் தூண் நிறுத்தி, வளைவு கட்டி, அவற்றின் மேல் வீடுகளை எழுப்பியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பெரிய கோயில்களின் பிராகார மண்டபங்கள் புறப்பட்டு வீதிக்கு நடந்து வந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. இந்த மண்டபங்களையெல்லாம் சேர்த்து அளந்தால் 62 கிலோமீட்டர் வருமாம். 2021-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. மழைக் காலத்திலும் குடையில்லாமல் பாதி ஊரைச் சுற்றிவிடலாம்.

அந்த ஊரில் ஒரு பழைய நூல் நிலையத்தில் எனக்கு மூன்று மாத வேலை இருந்தது. செப்டம்பர் மாத நடுவில் போய், டிசம்பர் நடுவில் திரும்பினேன். விமானம் ஏறுவதற்கு முன்பே ஆறு மாதம் இத்தாலிய பாஷை படித்திருந்தேன். வினைச்சொற்களின் காலங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆகவே பாஷையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்தத் தைரியம் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை பத்து மணி வரையில் நீடித்தது.

எத்தோவும் எட்டும்

பெரிய சதுக்கத்துக்குக் கிழக்கே குறுகலான சந்துகள் கொண்ட ஒரு கடைத் தெரு இருக்கிறது. குவாத்ரிலாத்தெரோ என்று பெயர். பாலாடைக் கட்டிகள் வண்டிச் சக்கரம் போல் அடுக்கியிருக்கும். அத்திப்பழம் இலையோடு கூடையில் இருக்கும். அங்கே ஒரு கடையில் நுழைந்து, ஒலிவக் காய் வேண்டும் என்று கேட்டேன்.

கடைக்காரர் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உன் எத்தோ?" என்று கேட்டார்.

நாக்கைப் பல்லில் வைத்து அவர் சொன்ன "எத்தோ"வை என் தமிழ்க் காது "எட்டோ?" என்று வாங்கிக்கொண்டது. இத்தாலியப் பாஷையில் எட்டுக்கு "ஒத்தோ" என்று பெயர் என்பதும் அந்த க்ஷணத்தில் ஞாபகம் வந்து தொலைத்தது. எத்தோ, ஒத்தோ, எட்டோ மூன்றும் சேர்ந்து என் அறிவை மறைத்தன. எட்டு ஒலிவக் காய் யாருக்குப் போதும்? இந்தத் தேசத்தில் ஒலிவக் காயை எண்ணித்தான் விற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தாராள மனத்தோடு, "வெந்தி" என்றேன். அதாவது இருபது.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருபது எத்தோவா? இரண்டு கிலோவா?" என்று இரண்டு தரம் கேட்டார். வேகமாகப் பேசியதால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது ஆமாம் என்று சொல்லுவது பிரயாணிகளின் தர்மம். "ஸீ, ஸீ" என்று தலையை ஆட்டினேன்.

எத்தோ என்பது 100 கிராம். "ஹெக்டோகிராம்" என்ற நீண்ட பெயரின் வாலையும் தலையையும் வெட்டி இத்தாலியர் செய்துகொண்ட சொல். இது எனக்குத் தெரிய வந்தபோது இரண்டு கிலோ ஒலிவக் காய் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள் பையைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் சிரித்தாள். பிறகு பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து, காய்களை அதில் கொட்டி, எண்ணெய் ஊற்றி மூடினாள். "அடுத்த தடவை 'உன் போ' என்று சொல்லுங்கள். மிச்சத்தைக் கடைக்காரன் பார்த்துக்கொள்வான்" என்றாள்.

"உன் போ" என்றால் "கொஞ்சம்." போக்கோ என்ற சொல்லின் பின்பாதியை விழுங்கிவிட்டால் "போ" கிடைக்கும். "கொஞ்சம் என்றால் எவ்வளவு?" என்று கேட்டேன். அம்மாள் இதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

சுவரில் பதித்த முழம்

அளவு தெரியாத ஜனங்கள்தான் "கொஞ்சம்", "சில", "ஏதோ" என்று பேசுவார்கள் என்று சிலர் நினைக்கலாம். பொலோஞாவைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அந்த ஊர் நகர மாளிகையின் வெளிச் சுவரில் பழைய காலத்து அளவுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஓர் அடி, ஒரு முழம், ஒரு கோல், செங்கல் இவ்வளவு, ஓடு இவ்வளவு என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. துணி வாங்கியவன் வியாபாரியின் மேல் சந்தேகப்பட்டால் நேரே சுவரண்டை போய் அளந்து பார்க்கலாம். பொலோஞா அடி 38 சென்டிமீட்டர். முழம் 64 சென்டிமீட்டர். பத்து அடி சேர்ந்த கோல் 3.80 மீட்டர். ஒவ்வோர் ஊருக்கும் இப்படி ஓர் அடியும் ஒரு முழமும் இருந்தன. 1861-ல் இத்தாலி ஒரே ராஜ்யமான பிறகு, அந்த வருஷமே மெட்ரிக் அளவைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்கிச் சட்டம் செய்தார்கள். நம்முடைய வீசையும் பலமும் 1956-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு விடைபெற்றுக்கொண்டதைப் போல், இந்த முழமும் சுவரோடு நின்றுவிட்டது.

இதைவிட அதிசயம் ஒன்று உண்டு. முட்டையும் மாவும் பிசைந்து, மெல்லியதாகத் தேய்த்து, நாடா நாடாவாக அறுத்துச் செய்யும் "தாலியாத்தெல்லே" என்னும் பண்டம் பொலோஞாவின் பெருமை. அந்த நாடாவின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இனி விவாதமே வரக்கூடாது என்று, 1972-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ஆம் தேதி, பொன்னால் ஒரு நாடா செய்து அந்த ஊர் வர்த்தக சபையில் வைத்துவிட்டார்கள். வெந்த பிறகு அகலம் 8 மில்லிமீட்டர். ஊர் நடுவில் நிற்கும் அஸினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு! கோபுரத்தின் உயரம் 97 மீட்டருக்குச் சற்று அதிகம். வகுத்துப் பார்த்தேன்; கணக்கு ஏறக்குறையச் சரியாகவே இருக்கிறது.

இவ்வளவு துல்லியமான ஜனங்கள் பேசும் பாஷையில், அளவில்லாத அளவைச் சொல்லுவதற்கு எத்தனை சொற்கள் இருக்கின்றன!

ரொட்டியில் கொஞ்சம்

மாலை வேளைகளில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அம்மாள் எனக்குப் பாடம் சொன்னாள். அவள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவள். வயதைக் கேட்டபோது "ஊனா ஸெத்தாந்தீனா" என்றாள். ஸெத்தாந்தா என்றால் எழுபது. அதன் வாலில் ஒரு "ஈனா"வை ஒட்டிவிட்டால் "சுமார் எழுபது" ஆகிவிடும். பத்து, இருபது, முப்பது என்று எல்லாவற்றுக்கும் இந்த வாலை ஒட்டலாம். நாம் "நாலைந்து", "ஏழெட்டு", "பத்துப் பதினைந்து" என்று இரண்டு எண்களைக் கைகோத்து நிறுத்திச் செய்யும் காரியத்தை அவர்கள் ஒரு வாலால் செய்கிறார்கள். அம்மாளுக்கு எழுபத்தொன்பது வயது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். வால் அவ்வளவு தூரம் நீளும் என்று எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லவில்லை.

முதல் பாடம் ரொட்டி. எனக்கு ரொட்டி வேண்டும் என்பதற்கு "தெல் பானே" வேண்டும் என்று சொல்லுவது அங்கே வழக்கம். "தி" என்பது நம்முடைய ஆறாம் வேற்றுமை போன்ற ஓர் இடைச்சொல். அதை "அந்த" என்னும் பொருள்படும் சொல்லோடு சேர்த்தால் "தெல்" பிறக்கும். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், "அந்த ரொட்டியின்" என்று ஆகிறது. ரொட்டியின் எது? அதைச் சொல்லுவதில்லை. உலகத்து ரொட்டியெல்லாம் ஒரே குவியலாக இருப்பது போலவும், அதிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுவது போலவும் ஒரு பாவனை.

ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை, அடுத்து வரும் எழுத்து ஆகியவற்றை அனுசரித்து இந்தச் சொல் ஏழு வேஷம் போடுகிறது. மாவுக்குத் தெல்லா; சர்க்கரைக்குத் தெல்லோ; தண்ணீருக்குத் தெல்ல்; அத்திப்பழங்களுக்குத் தேய்; கீரைக்குத் தேல்யி; ஒலிவக் காய்களுக்குத் தெல்லே. இல்லை என்று சொல்லும்போது மாத்திரம் வேஷம் கலைந்துவிடும். "வீட்டில் ரொட்டி இல்லை" என்பதற்குத் "தெல்" வேண்டாம். வெறும் "பானே" போதும். பண்டமே இல்லாதபோது அதில் பங்கு எங்கிருந்து வரும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஷைத் தூய்மையில் அக்கறை கொண்ட பண்டிதர் சிலர், இந்தப் பிரயோகம் பிரெஞ்சுப் பாஷையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கண்டித்தார்கள். வடக்கே இதை அதிகமாகவும் தெற்கே குறைவாகவும் வழங்குவது இன்றும் உண்டு. பண்டிதர்கள் கண்டித்ததை ரொட்டிக் கடைக்காரர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது பாடம் சமையலறைச் சொற்கள். எண்ணெய் "ஒரு நூல்" ஊற்ற வேண்டும். வெண்ணெய் "ஒரு வாதுமைக்கொட்டை" போட வேண்டும். திராட்சை ரசம் "ஒரு விரல்", உப்பு "ஒரு சிட்டிகை." எலுமிச்சங்காய் அளவு புளியையும், நெல்லிக்காய் அளவு வெண்ணெயையும், சுண்டைக்காய் அளவு பெருங்காயத்தையும் கேட்டு வளர்ந்த எனக்கு இதில் கஷ்டமே இல்லை. "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்றேன். "எல்லா ஊரிலும் கைகள் இருக்கின்றன அல்லவா?" என்றாள் அம்மாள்.

நாலு எட்டு

போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மாள் என் அறைக் கதவைத் தட்டி, "'குவாத்ரோ பாஸ்ஸி' போய் வரலாமா?" என்று கேட்டாள். குவாத்ரோ என்றால் நான்கு. பாஸ்ஸி என்றால் அடி எடுத்து வைப்பது. நாம் "நாலு எட்டு நடந்துவிட்டு வரலாம்" என்கிறோமே, அதுவேதான்! எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. நாம் "நாலு வார்த்தை" பேசினால் அவர்கள் "நாலு சம்பாஷணை" பேசுகிறார்கள். கூட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றால் "நாலு பூனைகள் இருந்தன" என்கிறார்கள். கொஞ்சத்துக்கு நாலு என்று எண் வைப்பதில் இரண்டு பாஷைகளும் கலந்து பேசிக்கொண்டாற்போல் இருக்கிறது. அவர்களுடைய மகா நாவலாசிரியரான மான்ஸோனி, தமது நூலுக்கு இருபத்தைந்து வாசகர்கள் உண்டு என்று அடக்கத்தோடு கணக்குச் சொன்னார். நான் அவ்வளவு பேராசைப்படவில்லை. இதை நாலு பேர் படித்தால் போதும்.

நாலு எட்டுத்தானே என்று வீட்டுச் செருப்போடு கிளம்பினேன். ஸாரகோத்ஸா வாசலைத் தாண்டியதும் வளைவு மண்டபம் ஒன்று ஆரம்பமாயிற்று. அதன் வழியே நடந்தோம். மண்டபம் முடியவில்லை. ஒரு வீதியைத் தாண்டிக் குதித்தது, மலை ஏறத் தொடங்கியது, திரும்பியது, மறுபடியும் ஏறியது. குன்றின் உச்சியில் இருக்கும் ஸான் லூக்கா மாதா கோயில் வரைக்கும் போகும் மண்டபம் அது. 1674-ல் கட்ட ஆரம்பித்தது. மொத்தம் 666 வளைவுகள். நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். சுவரில் செதுக்கியிருக்கும் பழைய கோலால் அளந்தால் ஏறக்குறைய ஆயிரம் கோல்!

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"'உன் போ'" என்றாள் அம்மாள். மூச்சுக்கூட வாங்கவில்லை அவளுக்கு.

உச்சியில் உட்கார்ந்தபோது ஊர் முழுவதும் கீழே சிவப்பாகக் கிடந்தது. அம்மாள் வடமேற்குத் திசையைக் காட்டி, "மிலான் அந்தப் பக்கம். என் மகன் அங்கே இருக்கிறான். ரயிலில் ஒரு மணி நேரம்" என்றாள். அன்று திரும்பி வரும்போதுதான் என்னை மரியாதைச் சொல்லால் அழைப்பதை விட்டு, "நீ" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இரண்டு பாஸ்தா

அக்டோபர் மாதம் அம்மாளிடம் தாலியாத்தெல்லே செய்யக் கற்றுக்கொள்ள விரும்பினேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக நின்றேன். மாவு எவ்வளவு? ஒரு முட்டைக்கு ஓர் எத்தோ. எழுதிக்கொண்டேன். உப்பு? "குவாந்தோ பாஸ்தா." எழுதிக்கொண்டேன். வெந்நீர்? "குவாந்தோ பாஸ்தா." பிசையும்போது மேலே தூவும் மாவு? அதுவும் "குவாந்தோ பாஸ்தா."

இரவில் நோட்டைப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. தமிழ் எழுத்தில் எழுதியதன் கோளாறு அது. நமக்கு ஒரே "ப"தான். அழுத்திச் சொல்லும் "பாஸ்தா" சாப்பிடும் பண்டம்; மெலிந்த ஒலியில் சொல்லும் "பாஸ்தா" என்றால் "போதும்." உப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு "எவ்வளவு பாஸ்தா" என்று நான் எழுதி வைத்திருந்தேன். அம்மாள் சொன்னதோ "எவ்வளவு போதுமோ அவ்வளவு."

இந்த இரண்டு சொல்லும் இத்தாலியில் அச்சிடும் சமையல் புத்தகங்களில் முதலெழுத்துக்களாகச் சுருங்கி, உப்புக்கும் மிளகுக்கும் எதிரே நிற்கின்றன. மருந்துக் கடைக்காரர்கள் லத்தீனில் எழுதி வந்த வழக்கத்தின் வாரிசு இது. மருந்துச் சீட்டில் இன்ன சரக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டு, கடைசியில் தண்ணீருக்கு மாத்திரம் "போதிய அளவு" என்று எழுதுவார்கள். பெல்லெக்ரீனோ அர்த்தூஸி என்பவர் 1891-ல் இத்தாலியக் குடும்பங்களுக்காக ஒரு சமையல் நூல் எழுதினார். பட்டு வியாபாரத்தில் பொருள் சேர்த்து ஓய்ந்த பிரமசாரி. நூலை யாரும் பிரசுரிக்க முன்வராததால் சொந்தச் செலவில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 பாகங்கள் இருந்தன. பிற்பாடு 790 வரை வளர்ந்தன. கிராம் கணக்கை ஒழுங்காகக் கொடுக்கும் அர்த்தூஸிகூடச் சில இடங்களில் ஜாதிக்காயின் "வாசனை" என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார். வாசனையை எந்தத் தராசில் நிறுப்பது?

அம்மாளிடம் இதைச் சொல்லி, "போதும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?" என்று வாதாடினேன். அவள் என் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தினாள். "ஒட்டுகிறதா? இன்னும் மாவு கேட்கிறது. ஒட்டவில்லையா? போதும். முட்டை பெரிதாக இருக்கும், சிறிதாக இருக்கும். மழை நாளில் மாவு ஒரு விதம், வெயில் நாளில் ஒரு விதம். நான் இன்று எண் சொன்னால் நாளைக்கு அது பொய்யாகிவிடும்" என்றாள்.

நான் கவனித்த வேறொரு கணக்கும் உண்டு. ஆளுக்கு ஒரு முட்டை என்பது அந்த வீட்டு விதி. நாங்கள் இருவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாள் மூன்று முட்டை உடைப்பாள். மேஜையில் மூன்று தட்டு வைப்பாள். முதல் வாரம் யாரோ விருந்தாளி வரப் போகிறார் என்று நினைத்தேன்.

ஒருமையா, பன்மையா?

"குவால்கே" என்று ஒரு சொல் இருக்கிறது. "சில" என்று அகராதி பொருள் கூறும். சில புத்தகங்கள், சில நண்பர்கள், சில ஞாயிற்றுக்கிழமைகள் என்று எதற்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆனால் அதற்குப் பின்னால் வரும் பெயர் ஒருமையில்தான் நிற்க வேண்டும், வினையும் ஒருமையே. சில புத்தகங்கள் என்பதற்குச் "சில புத்தகம்" என்றே சொல்ல வேண்டும். பொருள் பன்மை, உருவம் ஒருமை. "அல்கூனி" என்று இன்னொரு "சில" உண்டு; அது யோக்கியமாகப் பன்மையோடு நடக்கும். இப்படி ஒன்று இருக்கும்போது மற்றொன்று ஏன் இப்படி இருக்கிறது என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. தேர்வு எழுதினால் நிச்சயம் தப்புச் செய்யும் இடம் என்று என் இலக்கணப் புத்தகம் எச்சரித்திருந்தது.

அம்மாள் இந்தச் சொல்லை ஒரே விஷயத்துக்குத்தான் அதிகமாக உபயோகித்தாள். "'குவால்கே தொமேனிகா' என் மகன் வருவான்" என்பாள். தொமேனிகா என்றால் ஞாயிற்றுக்கிழமை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். மூன்றாவது தட்டு அவனுக்காகத்தான்.

நான் அங்கே இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் பதின்மூன்று. பதினொரு மணிக்குத் தொலைபேசி மணி அடிக்கும். அம்மாள் பேசிவிட்டு வருவாள். "வேலை இருக்கிறதாம்" என்பாள், அல்லது "குழந்தைக்கு ஜலதோஷமாம்" என்பாள். பிறகு மூன்று முட்டை மாவையும் நாங்கள் இருவரும் தின்று தீர்ப்போம். நான் அந்த மூன்று மாதத்தில் பருத்துப்போனதற்கு இதுதான் காரணம்.

நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல மனிதன், தாயாரிடம் பிரியமுள்ளவன். பூங்கொத்து வாங்கி வந்தான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான். என்னிடம் இந்தியாவைப் பற்றி அக்கறையோடு விசாரித்தான். அன்று அம்மாள் ஆறு முட்டை உடைத்திருந்தாள். அவன் தட்டில் ஒரு தரம் போட்டாள். இன்னொரு தரம் போட்டாள். மூன்றாம் தரம் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "'அங்கோரா உன் போ?'" என்றாள். இன்னும் கொஞ்சம்?

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். தட்டின் மேல் கையை வைத்து மறைத்து, சிரித்துக்கொண்டே, "'பாஸ்தா', அம்மா" என்றான். ஐந்து மணி ரயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

அம்மாள் கையில் இருந்ததும் பாஸ்தா. மகன் சொன்னதும் பாஸ்தா. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது.

அன்றிரவு என் நோட்டைப் புரட்டியபோது "குவால்கே" என்ற சொல் கண்ணில் பட்டது. புதிர் ஒருவாறு விடுபட்டாற்போல் இருந்தது. பண்டிதர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தச் சொல்லுக்குள் பல என்று நம்புகிற மனசு ஒன்று இருக்கிறது, ஒன்று என்று அறிந்திருக்கிற உண்மையும் இருக்கிறது. அம்மாள் பேசிய இலக்கணத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. பதின்மூன்றில் ஒன்று. "சில ஞாயிற்றுக்கிழமை."

விடைபெறுதல்

டிசம்பர் மாதம் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், அம்மாளுக்காகச் சாமான் வாங்க மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். மூன்று மாதமாக வாரந்தோறும் போய்க்கொண்டிருந்த கடை. "தெல்லே ஒலீவே" வேண்டும் என்றேன். கடைக்காரர் எத்தோவா, இரண்டு எத்தோவா என்று கேட்கவில்லை. கரண்டியால் எடுத்துக் காகிதக் கிண்ணத்தில் போட்டு நிறுத்தார். அந்த வீட்டில் இரண்டு பேர் ஒரு வாரம் சாப்பிடுவதற்கு என்ன வேண்டுமோ, அதுதான் இருந்தது. அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

முதல் நாள் அம்மாள் "உன் போ என்று சொல்லு, மிச்சத்தைக் கடைக்காரன் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தெரியாதவனிடம் எத்தோ கணக்குத்தான் செல்லும். சுவரில் செதுக்கிய முழமும் தெரியாதவர்களுக்காக ஏற்பட்டதுதான். "கொஞ்சம்" என்ற சொல் செலாவணியாவதற்கு இருவர் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தவர்களிடையே அது எந்தத் தராசையும்விடச் சரியாக நிறுக்கிறது. ஆனால் அதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. அளவு குறைந்தாலும் யாரும் கேட்க முடியாது. குறைந்ததைச் சுட்டிக் காட்ட எந்தச் சுவரிலும் கல் இல்லை.

ரயில் நிலையத்துக்கு அம்மாளும் வந்தாள். பழைய ஒலிவ ஜாடியைக் கழுவி, தாலியாத்தெல்லேயை உலர்த்தி, அதில் நிரப்பிக் கொடுத்தாள். ரயில் கிளம்பும் சமயத்தில், "ஊருக்குப் போனதும் எழுது. 'குவால்கே ரீகா'" என்றாள். ரீகா என்றால் வரி. சில வரி.

"நிறைய எழுதுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையாகவே அப்படி எண்ணித்தான் சொன்னேன்.

திரும்பி வந்து பதினான்கு மாதம் ஆகிறது. வேலை இருந்தது, நடுவில் எனக்கும் ஜலதோஷம் வந்தது. இந்தக் கட்டுரை எழுதுவதற்காக நோட்டை எடுத்தபோது, பொலோஞாவுக்கு நான் எழுதிய கடிதங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்.

ஒன்று.